மேலே ஒன்று, கீழே ஒன்று



தாமிரபரணிக் கரையின் கோரையைக் கீறி, ஆற்றுநீரில் ஊறவைத்துப் பத்தமடையில் பாய் நெய்கிறார்கள். என் இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் அதைத் தாளில் நெய்கிறார்கள்.

பழைய நாட்காட்டித் தாள் போதும். தாளை இரண்டாக மடித்து, மடிப்பிலிருந்து ஓரம்விட்டுக் கோடுகோடாக வெட்டினால் பாவு தயார். வேறு நிறக் கீற்றை மேலே ஒன்று, கீழே ஒன்று என நுழைக்க வேண்டும். அடுத்த வரிசை மாறித் தொடங்க வேண்டும். மாறாவிட்டால் இரண்டு கீற்றும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும்; பின்னல் விழாது. எங்கே பிசகியது என்று குழந்தையே விரல் வைத்து எண்ணும். எட்டுப் பாவில் நான்கு மேலே, நான்கு கீழே. ஏழு பாவு என்றால்? இதைக் கேட்டுவிட்டு நான் வாயைத் திறப்பதில்லை. ஒற்றைப்படை, இரட்டைப்படை அந்த மௌனத்தில்தான் பிடிபடுகிறது.

இதற்கு அரைமணி நேரம் போகும். போகட்டும்.

ஒரு வேண்டுகோள். எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் வந்தபின் வகுப்பறைச் சுவர்கள் நிறைந்திருக்கின்றன, மகிழ்ச்சி. ஆனால் பார்வைக்கு ஆள் வருகிறார்கள் என்று கோணல் பாயை நாமே பிரித்துச் சரிசெய்து ஒட்ட வேண்டாம். அந்தக் கோணலைப் பார்த்தால்தான் எந்தக் குழந்தைக்கு எந்த இடத்தில் எண்ணிக்கை தவறுகிறது என்று நமக்குத் தெரியும்.

என் வகுப்பில் ஒரு பாய் நான்கு நாளாக மூன்றாம் வரிசையிலேயே நிற்கிறது. அந்தப் பிள்ளை இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.