தீவில் ஒரு நாள்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



பாஸ்கா காலம் முழுவதும் திருப்பலியில் நாள்தோறும் திருத்தூதர் பணிகள் நூலை வாசிக்கிறோம். கடைசி வாரத்தில் அந்த வாசகம் ஓரிடத்தில் தாவிவிடுகிறது. வெள்ளிக்கிழமை புனித பவுல் செசரியாவில் கைதியாக இருக்கிறார். சனிக்கிழமை உரோமைக்கு வந்துவிடுகிறார். நடுவே நடந்த கடற்பயணமும் கப்பற்சேதமும் மால்தாத் தீவும் விடுபட்டுப் போகின்றன. ஆகவே இன்றிரவு 27, 28ஆம் அதிகாரங்களை வீட்டில் உரக்கப் படித்துப் பாருங்கள். பிள்ளைகளும் காது கொடுத்துக் கேட்பார்கள்.

கப்பலில் 276 பேர். பதினான்கு இரவுகள் புயலில் அலைக்கழிந்து, பலகைகளைப் பிடித்து நீந்திக் கரையேறுகிறார்கள். மழையும் குளிரும். தீவு மக்கள் ஓடிவந்து நெருப்பு மூட்டுகிறார்கள். அவர்களை லூக்கா 'பார்பரொய்' என்ற கிரேக்கச் சொல்லால் குறிக்கிறார். கிரேக்கம் பேசாதவர்கள் என்பது அதன் பொருள். கொஞ்சம் இளக்காரமும் உள்ள சொல்தான். ஆனால் அவர்கள் காட்டிய பரிவுக்கு அவர் எடுக்கும் சொல் 'ஃபிலாந்த்ரோபியா', அதாவது மனித நேயம். அந்த மக்கள் ஒரு நாளில் அவரிடம் தங்கள் மதிப்பை உயர்த்திக்கொண்டுவிட்டார்கள்.

மால்தாவுக்கும் அடுத்துள்ள கோசோ தீவுக்கும் இன்று சுற்றுலா போகிறவர்கள் முதலில் பார்ப்பது அங்குள்ள கற்கோயில்களை. எகிப்தின் பிரமிடுகளைவிடப் பழையவை. பவுல் கரையேறிய நாளிலேயே அவற்றுக்கு வயது மூவாயிரத்துக்கு மேல். மூன்று மாதம் அங்கே தங்கிய லூக்கா அவற்றைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. நெருப்பைப் பற்றி எழுதுகிறார். பவுல் சுள்ளி பொறுக்கியதை, பாம்பு கையைச் சுற்றியதை, காய்ச்சலும் வயிற்றுக்கடுப்புமாகப் படுத்திருந்த ஒரு முதியவரைப் பவுல் போய்ப் பார்த்ததை எழுதுகிறார். புறப்படும்போது தீவு மக்கள் வழிக்குத் தேவையானதைக் கட்டிக்கொடுத்ததையும் மறக்காமல் குறிக்கிறார்.

பழைய இடங்களைப் பார்ப்பது வீண் என்று நாம் சொல்ல வரவில்லை. எங்கள் அன்பியங்கள் சேர்ந்து சென்ற கோடை விடுமுறையில் ஒரு பேருந்து பிடித்து ராமேசுவரம் தீவுக்குப் போய் வந்தோம். திருவண்ணாமலையில் இரவு ஏறினால் விடியும் வேளைக்குப் பாம்பன். 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தையும், 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தையும் அருகருகே பார்த்தோம். தங்கச்சிமடம் வேர்க்காட்டில் புனித சந்தியாகப்பர் ஆலயத்தில் செபித்தோம். பிறகு ராமநாதசுவாமி கோயிலின் நீண்ட பிரகாரம், பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம். கலாமின் தந்தையும், கோயில் சாஸ்திரியும், தீவில் முதல் ஆலயத்தைக் கட்டிய போதல் அடிகளாரும் ஒன்றாக உட்கார்ந்து ஊர் விவகாரங்களைப் பேசித் தீர்ப்பார்களாம். கலாமே தம் நினைவுகளில் சொல்லியிருக்கிறார். கோயில் நகரத்தில் வாழும் எங்களுக்கு அது கேட்க நன்றாக இருந்தது.

பிற்பகலில் தனுஷ்கோடி. 2017 முதல் அரிச்சல்முனை வரை நல்ல சாலை இருக்கிறது. இருபுறமும் கடல். சாலையோரத்தில் கூரையில்லாத ஓர் ஆலயம் நிற்கிறது. பவளப்பாறைக் கல்லால் கட்டிய சுவர்கள். பீடம் இருந்த இடம் இன்னும் தெரிகிறது. ஒரு காலத்தில் சென்னை எழும்பூரில் ஒரே பயணச்சீட்டு வாங்கினால், ரயிலில் இங்கே வந்து, கப்பலேறித் தலைமன்னார் போய், மறுபடி ரயிலேறிக் கொழும்பில் இறங்கலாம். ரயில் நிலையம், அஞ்சலகம், பள்ளி எல்லாம் இருந்த ஊர். 1964 டிசம்பர் 22 இரவு, கிறிஸ்து பிறப்புக்கு மூன்று நாள் இருக்கையில், புயலும் கடலும் அதைக் கொண்டுபோயின. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். ஒருவரும் பிழைக்கவில்லை. அதன்பின் அரசு அந்த ஊரை வாழத் தகுதியற்றது என்று அறிவித்தது.

ஆனால் மீனவக் குடும்பங்கள் திரும்பி வந்தன. இன்றும் கீற்றுக் குடிசைகளில் இருக்கிறார்கள். ஆலயச் சுவரை ஒட்டிச் சங்கும் சிப்பியும் பாசிமாலையும் விற்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் சுவருக்கு முன் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்க, எங்களோடு வந்த ஒரு பாட்டி மாலை விற்ற பெண்ணிடம், "குடிதண்ணிக்கு என்ன பண்றே தாயி?" என்று கேட்டார். அந்தப் பெண் அவரைக் கூட்டிப் போய் மணலில் கையால் தோண்டிய ஊற்றைக் காட்டினார். இருபுறமும் உப்புக் கடல், நடுவே நல்ல தண்ணீர். பாட்டி ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு வந்தார். அந்த நாளில் எங்கள் பேருந்தில் வந்தவர்களில் தீவைப் பற்றி அதிகம் தெரிந்துகொண்டவர் அவர்தான் என்று நினைக்கிறோம்.

அவருக்கு அந்தக் கேள்வி எப்படி வந்தது என்று நமக்குத் தெரியும். அவர் இருப்பது கிரிவலப் பாதையில். மாதந்தோறும் பௌர்ணமிக்கு இலட்சக்கணக்கானவர்கள் அவர் வீட்டு வாசலைக் கடந்து பதினான்கு கிலோமீட்டர் நடக்கிறார்கள். மலையைப் பார்ப்பார்கள், கோபுரத்தைப் பார்ப்பார்கள். வாசலில் உட்கார்ந்திருப்பவரைப் பார்ப்பவர்கள் குறைவு. சிலர் நின்று, "நல்லா இருக்கியா ஆயா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அவர்களை அவர் ஆண்டுக்கணக்கில் நினைவு வைத்திருக்கிறார். பார்க்கப்படும் ஊரில் குடியிருப்பவர்களுக்குத்தான் இது புரியும்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2022 ஏப்ரல் 3 அன்று மால்தாவில் இருந்தார். காலையில் ரபாத் நகரில் பவுல் தங்கியதாக மரபு சொல்லும் குகையில் செபித்தார். அன்று மாலையே ஹல் ஃபார் என்னும் இடத்துக்குப் போய், கடல் கடந்து வந்து சேர்ந்த அகதிகளோடு உட்கார்ந்தார்.

அதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு, மார்ச் 22 அன்று, நம்முடைய தனுஷ்கோடிப் பக்கம் இலங்கையிலிருந்து பதினாறு பேர் வந்து இறங்கினார்கள். அங்கே அரிசிக்கும் பால்மாவுக்கும் வழியில்லாத நேரம் அது. கைக்குழந்தையோடு ஒரு குடும்பத்தைப் படகோட்டி மணல்திட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். அரிச்சல்முனையில் நின்று நாம் கடலைப் பார்க்கிறோமே, அங்கிருந்து தொடங்கும் திட்டுகளில் ஒன்று. அவர்களை மண்டபம் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். வெள்ளையர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலித் தொழிலாளர்களை நோய்த் தடுப்புக்காக நிறுத்திவைத்த அதே முகாம். போனவர்களின் பேரப்பிள்ளைகள் 1983க்குப் பிறகு அகதிகளாகத் திரும்பி வந்து இறங்கியதும் அங்கேதான். பாலத்துக்குச் சற்று முன்னால், சாலையோரத்திலேயே இருக்கிறது. சுற்றுலாப் பேருந்து எதுவும் அங்கே நிற்பதில்லை.

மண்டபத்திலிருந்து தமிழகம் முழுவதும் முகாம்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டவர்களில் பலர் நம் மாவட்டத்தில் இருக்கிறார்கள். மறுவாழ்வு முகாம் என்று இப்போது பெயர். நாற்பது ஆண்டுகளாக நம் சந்தையில் காய் வாங்குகிறார்கள், நம் பள்ளிகளில் அவர்கள் பிள்ளைகள் படிக்கிறார்கள். குடியுரிமை மட்டும் இன்னும் பலருக்குக் கிடைக்கவில்லை. ராமேசுவரம் போய் வந்த களைப்பு தீர்ந்ததும், எங்கள் இளைஞர்கள் சிலரோடு ஒரு ஞாயிறு மாலை முகாமுக்குப் போனோம். எழுபதைத் தாண்டிய ஒருவர் எங்களை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். வட ஆற்காட்டிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போன குடும்பம். சிறுவனாக இருந்தபோது அப்பாவோடு சொந்த ஊர் பார்க்கத் தலைமன்னாரில் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கியிருக்கிறார்.

"அந்தக் கோயில் இன்னும் நிக்குதா?" என்று கேட்டார். பிள்ளைகள் கைபேசியை நீட்டினார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பார்த்தார். "இந்தச் சுவத்து நெழல்லதான் எங்கம்மா எங்களுக்குக் கட்டுச்சோறு பிரிச்சுக் குடுத்தாங்க" என்றார். படத்தில் அந்தச் சுவருக்கு முன்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்த பையன், கைபேசியை வாங்கித் தானும் ஒருமுறை பார்த்தான்.