சம்மேத சிகரத்தில் ஒரு கோடைப் பகல்

(விழா அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தீர்த்தங்கரர் இருபத்து நால்வருள் ஆதிநாதர் கயிலையிலும், வாசுபூஜ்யர் சம்பாபுரியிலும், நேமிநாதர் கிர்நார் மலையிலும், மகாவீரர் பாவாபுரியிலும் வீடுபேறு எய்தினர். எஞ்சிய இருபதின்மரும் வினை நீங்கிய இடம் சம்மேத சிகரம். இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தின் கிரிடி மாவட்டத்தில், பாரசநாத் மலை என்னும் பெயரோடு, ஏறத்தாழ 1,365 மீட்டர் உயரத்தில் அது நிற்கிறது. அம்மாநிலத்தின் மிக உயர்ந்த மலையும் அதுவே. பள்ளி விடுமுறை கருதிக் கோடையில் அங்குச் செல்லும் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் உண்டு. அவர்கள்பொருட்டு, அம்மலைமேல் ஒரு பகற்பொழுதின் நடை எவ்வாறு அமைதல் நன்று என்பதே இவ்வுரையின் பொருள்.

அடிவாரத்து ஊர் மதுவனம். அங்கிருந்து ஏற்றம் 9 கிலோமீட்டர், முகட்டின்மேல் திருவடிகளை வணங்கிச் சுற்றும் வழி 9 கிலோமீட்டர், இறக்கம் 9 கிலோமீட்டர், ஆக 27. பொன்னூர் மலைப் படிகளில் ஏறிக் குந்தகுந்தர் திருவடிகளை வணங்கிப் பழகியோர்க்கு இத்தொலைவு வியப்பளிக்கும். கீழ்ச்சரிவில் சால மரக்காடு. வழியில் கந்தர்வ நாளா, சீதா நாளா என்னும் ஓடைகள். அவற்றைக் கடந்து மேலேறினால் கௌதம கணதரர் திருவடி அமைந்த முகடு வரும்.

ஏற்றம் முடிந்தது என்று மூச்சு விடும் இடம் அது. ஆயினும் நடையின் பெரும்பகுதி அதன் பின்னரே உள்ளது. முகடு நேர்கோடாக இல்லை. முடிதோறும் ஏறி, இடைத்தாழ்வுதோறும் இறங்கி, மீண்டும் ஏற வேண்டும். ஒரு கோடியில், தனித்து நிற்கும் முடியில், சந்திரபிரபர் திருவடி. மறு கோடியில், யாவற்றினும் உயர்ந்த முடியில், பார்சுவநாதர் திருவடி. இரண்டிற்கும் நடுவே வெயிலும் காற்றும் மாறிமாறி வரும். அடிவாரத்தைவிட முகடு குளிர்ந்தது எனினும், நிழலற்ற பாறை நண்பகலில் காலைச் சுடும்.

இந்த வெயிலுக்கு அஞ்சியே பலர் நள்ளிரவு கடந்ததும் கைவிளக்கோடு புறப்படுகின்றனர். அவ்வழக்கத்தில் நன்மை உண்டு; ஏற்றம் குளிரில் முடியும். ஆனால் சமண நெறி நடைக்கென்றே ஓர் ஒழுக்கம் வகுத்துள்ளது. ஐந்து சமிதிகளுள் முதலாவதாகிய ஈரியா சமிதி, நான்கு முழத் தொலைவு நிலத்தை நோக்கி, உயிர்கள் மிதிபடாவண்ணம், பகலொளியில் நடக்குமாறு பணிக்கிறது. அது துறவியர்க்கு உரிய கடமை. எனினும், துறவின் உச்சியை எய்தியோர் திருவடிகளைத் தேடிச் செல்லும் இல்லறத்தார், அந்த ஒரு நாளேனும் இயன்றவரை அதனைக் கைக்கொள்வது பொருத்தமன்றோ? மழைக்காலத்துப் புழுக்களும், கோடையில் இரவு வெளிவரும் தேளும் பூரானும் கைவிளக்கின் சிறு வட்டத்துள் முழுமையாகத் தென்படுமா?

கோடையே இதற்கு வழியும் தருகிறது. மே மாதத்தில் அங்குக் கதிரவன் ஏறத்தாழ 5 மணிக்கே எழுகிறான். பகல் 13 மணி நேரத்திற்கும் மேல் நீள்கிறது. நிலம் புலப்படும் விடியலில், 4.30 மணியளவில் புறப்பட்டால், ஏற்றம் இளவெயிலுக்குள் முடியும். முகட்டு வழிபாடு நண்பகலை ஒட்டி நிறைவுறும். இறக்கம் காட்டு நிழலில் அமையும். இருள்வதற்கு முன் மதுவனம் சேரலாம். முதல் அடியும் இறுதி அடியும் ஒளியிலேயே விழும். உடல் தளர்ந்தோர்க்கு இது இயலாது எனில், அவர்கள் குளிர்காலத்தில் செல்வதே தக்கது.

நோன்பும் அவ்வாறே. நீரும் அருந்தாது மலை சுற்றும் உறுதி போற்றத்தக்கது. ஆயினும் தீர்த்தங்கர நாமகர்மத்திற்குக் காரணமாகச் சொல்லப்படும் பதினாறு பாவனைகளுள் ஒன்று, ஆற்றலுக்கேற்ற தவம். ஆற்றலுக்கு மிஞ்சிய தவம் என்று அப்பட்டியலில் எதுவும் இல்லை. சர்க்கரை நோய்க்கும் குருதி அழுத்தத்திற்கும் மருந்துண்ணும் முதியோர், மருத்துவரைக் கேளாமல் கோடையில் நீர் துறத்தல் தவமாகாது. தன் உயிரும் உயிரே. அகிம்சை அதற்கும் உரியது.

டோலி சுமப்போரையும் எண்ண வேண்டும். அவர்தம் பிழைப்பு அதில் உள்ளது. நடக்க இயலாதோர்க்கு அவர்கள் செய்வது பேருதவி. ஆனால் நடக்கவல்லார் சோம்பலால் ஏறுதலும், சுமப்போரை இளைப்பாற விடாது விரைவுபடுத்தலும் தகா. அந்த மலை அவ்வட்டாரத்துச் சந்தால் மக்களுக்கும் மராங் புரு என்னும் புனித மலை. செல்வோர் அவர்தம் மண்ணில் விருந்தினராக ஒழுகுதல் முறை.

2019இல் வெளிவந்த சூழல் உணர்திறன் மண்டல அறிவிக்கையில் சூழல் சுற்றுலாவுக்கும் இடம் தரப்பட்டது. நாடெங்கும் சமணர் எதிர்ப்புத் தெரிவித்தனர். 2023 ஜனவரியில் நடுவண் அரசு அப்பகுதியை நிறுத்தி வைத்தது. அம்மலை தவத்திற்கு உரியது, உல்லாசத்திற்கு உரியதன்று என்பதே அன்று முன்வைக்கப்பட்ட வாதம். அவ்வாதம் மெய்யாவது தாளில் அன்று. ஆண்டுதோறும் ஏறுவோர் காலடியில். நெகிழிப் புட்டியை வழியில் எறிந்து, உரக்கப் பேசி, கைப்பேசியில் படமெடுத்து விரையும் பயணிக்கும் உல்லாசப் பயணிக்கும் வேறுபாடு யாது? கொண்டுசென்றதை எல்லாம் திரும்பக் கொணர்ந்து, நான்கு முழம் நோக்கி, அமைதியாக நடப்பவரே அம்மலையின் காவலர். அரசாணை மாறலாம், அக்காவல் மாறாது.

ஆகவே, அடுத்த கோடையில் புறப்படும் குடும்பத்தினர் பயணப் பையில் முதலில் வைக்க வேண்டுவது துணிப்பை ஒன்று, குப்பையைத் திரும்பக் கொணர்வதற்கு. பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித்தர வேண்டுவது காலடி பார்த்து நடக்கும் முறை. இருபதின்மர் நின்ற மலையில் அவ்வாறு ஒரு பகல் நடந்த பிள்ளை, தன் ஊர்த் தெருவிலும் எறும்பைக் கண்டு விலகி நடக்கும்.

அறம் வளர்க, அனைத்துயிரும் இன்புறுக.