கரைந்ததா, கலந்ததா?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் படித்தது பி.காம்., பார்த்தது வங்கிக் குமாஸ்தா வேலை. இவருக்கும் வேதியியலுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் நினைக்கலாம்.

நம் குடியாத்தம் லுங்கிக்குப் பேர் போன ஊர். என் அப்பா தறி நெய்தவர். விடிகாலையில் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடுவார்கள். ஒருமுறை கஞ்சி சரியாக வேகவில்லை. பார்வைக்குக் கரைந்த மாதிரிதான் இருந்தது. காய்ந்ததும் கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டு, நெய்யும்போது இழை அறுந்துகொண்டே இருந்தது. அந்த வாரம் பாதிக் கூலிகூட வரவில்லை. "கலந்தது வேற, கரைஞ்சது வேறடா" என்றார் அப்பா.

அது உண்மைதான். சர்க்கரை கரைவது போல மாவுச்சத்து பச்சைத் தண்ணீரில் கரையாது, அடியில் தங்கும். சூடு ஏறினால் உப்பிக் குழையும். அப்போதும் ஒரு பகுதிதான் நீரில் கரைந்திருக்கும்.

எவ்வளவு கரைந்தது என்று எப்படி அளப்பது? வங்கிக் கணக்கு மாதிரிதான். 1 கிராம் காய்ந்த மாவுச்சத்தை 100 மில்லி நீரில் கலக்கி, 90 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் கிளற வேண்டும். பிறகு வேகமாகச் சுழற்றும் கருவியில் வைத்தால் கரையாதது அடியில் இறங்கிவிடும். மேலே தெளிந்த நீரை, முன்பே எடை பார்த்த தட்டில் ஊற்றி, ஈரம் போகக் காயவைத்து மறுபடி எடை போட வேண்டும். தட்டின் எடை போக 0.2 கிராம் நின்றால், கரைந்தது 20 சதவீதம். மீதி 80 அடியில் இருக்கிறது. வரவு, பற்று, இருப்பு, அவ்வளவுதான்.

"அயோடின் சொட்டு விட்டால் தெரியாதா தாத்தா?" என்று பேத்தி கேட்டாள். கரைந்ததும் நீலமாகும், கரையாததும் நீலமாகும். மாவுச்சத்து இருக்கிறதா என்று மட்டுமே அது சொல்லும். முழுக்கக் கரைக்க ஆய்வகத்தில் டைமெத்தில் சல்ஃபாக்சைடு என்ற திரவத்தைப் பயன்படுத்துகிறார்கள்.

இதை ஏன் இங்கே சொல்கிறேன்? போன மழையில் நம் தெருவின் கடைசி வீட்டுக்குள் சாக்கடைத் தண்ணீர் ஏறியது நினைவிருக்கும். குழாயைத் திறந்தபோது கொழகொழவென்று வந்ததில் என் வீட்டுக் கஞ்சியும் இருந்திருக்கும். சூடாக ஊற்றும்போது தண்ணீர் போல ஓடுகிறது. ஆறினால் கெட்டியாகி, எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து குழாயில் படிகிறது.

எனவே ஒரு வேண்டுகோள். வடித்த கஞ்சியையும், துணிக்குப் போட்டு மிஞ்சிய கஞ்சியையும் சாக்கடையில் ஊற்றாதீர்கள். சோற்றுக் கஞ்சியை மாட்டுக்கு வைக்கலாம். என் வீட்டில் தனி வாளி வைத்துவிட்டோம்.