தலையும் ஓர் அமானிதம்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

புகழனைத்தும் வல்ல அல்லாஹ்வுக்கே உரியன. ஸலாத்தும் ஸலாமும் எம்பெருமானார் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தினர், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விடயம் சிலருக்கு மிகச் சிறியதாகத் தோன்றலாம். நாளாந்தம் சைக்கிளில் செல்லும் நாம் தலைக்கவசம் அணிய வேண்டுமா, வேண்டாமா என்பதே அது. இதற்கெல்லாம் ஒரு மார்க்கச் சொற்பொழிவா என்று நீங்கள் எண்ணக்கூடும். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றிய நிகழ்ச்சியை முதலில் கூறிவிடுகிறேன்.

எமது மத்ரஸாவின் ஹிப்ழு வகுப்பில் பதினான்கு வயது மாணவர் ஒருவர் ஓதி வந்தார். அல்குர்ஆனில் பதினொரு ஜுஸ்உக்களை மனனமிட்டிருந்தார். மழைக்கால மாலையொன்றில், மஃரிபுக்குச் சற்று முன்னர் வீட்டிலிருந்து சைக்கிளில் புறப்பட்டார். வீட்டுக்கும் அவர் விழுந்த இடத்துக்கும் இடையே இருநூறு மீற்றர் தூரமும் இல்லை. லொறி மோதவில்லை, பஸ் மோதவில்லை. நாயொன்று குறுக்கே பாய்ந்தது. பிரேக்கைப் பிடித்தார், ஈரமணலில் சில்லு சறுக்கியது. வடிகானின் கொங்கிறீற் விளிம்பில் தலை அடிபட்டது. கைகால்களில் ஒரு சிராய்ப்பைத் தவிர வேறு காயமில்லை. ஆனால் மூன்று நாட்கள் நினைவின்றிக் கிடந்தார்.

அல்லாஹ்வின் அருளால் அவர் உயிர் பிழைத்தார். அல்ஹம்துலில்லாஹ். எனினும், மாதங்கள் கழிந்து மீண்டும் வகுப்புக்கு வந்து அமர்ந்தபோது, நீரோடை போல ஓதிய அந்தப் பிள்ளை ஒவ்வோர் ஆயத்தின் நடுவிலும் தடுமாறி நின்றார். தான் மனனமிட்ட பக்கம் கண்ணுக்குத் தெரிகிறது, எழுத்துத்தான் தெரியவில்லை என்று அழுதார். இன்று அவர் மீண்டும் முதலாம் ஜுஸ்உவிலிருந்து ஓதி வருகிறார்.

நேயர்களே! அவர் வைத்தியசாலையில் இருந்தபோது அவருடைய வாப்பா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். “ஹஸ்ரத், ஒரு ஹெல்மட் வாங்கிக் கொடுத்திருக்கலாமே என்று மனம் அடித்துக்கொள்கிறது. இப்படி நினைப்பது ஈமானில் குறையா?” என்றார்.

நான் அவருக்குக் கூறிய பதில் இதுதான்: நடந்து முடிந்த ஒன்றைக் குறித்து, அப்படிச் செய்திருந்தால் இப்படி ஆகியிருக்குமே என்று உள்ளத்தை வருத்திக்கொள்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கின்றார்கள். அது ஷைத்தானுக்கு வாசலைத் திறந்துவிடும் என எச்சரித்த ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. எனவே, நடந்ததை அல்லாஹ்வின் கத்ர் என ஏற்றுப் பொறுமை கொள்ளுங்கள் என்றேன். அவர் ஓரளவு ஆறுதலடைந்தார்.

ஆனால் வீடு திரும்பும் வழியில் எனக்கு ஆறுதல் கிடைக்கவில்லை. ஏனெனில் அதே ஹதீஸின் முற்பகுதியில், உனக்குப் பயன் தருவதில் ஆர்வம் கொள், அல்லாஹ்விடம் உதவி தேடு, இயலாதவனாய் இருந்துவிடாதே என்ற கருத்திலான போதனையும் உள்ளது. அதாவது கத்ரைக் கூறி ஆறுதலடைவது நேற்றைய தினத்துக்கு உரியது. நாளைய தினத்துக்கு உரியது முயற்சியாகும். நாமோ இவ்விரண்டையும் இடம் மாற்றி வைத்திருக்கின்றோம். நடந்ததற்கு அழுது புலம்புகின்றோம். நடக்கவிருப்பதற்கு விதியைக் காரணம் காட்டி வாளாவிருக்கின்றோம்.

“மௌத்து வரவேண்டிய நேரத்தில்தானே வரும், சைக்கிளுக்கு எதற்கு ஹெல்மட்?” என்று நமது வாலிபர்கள் கேட்கின்றனர். மௌத்தின் நேரம் முந்தவோ பிந்தவோ மாட்டாது என்பது நமது அகீதா. அதில் ஐயமில்லை. எனினும் அந்த நேரம் எதுவென்று நமக்கு அறிவிக்கப்படவில்லை. அறிவிக்கப்படாத ஒன்றை ஆதாரமாகக் கொண்டு, அறிவிக்கப்பட்ட கடமையை விடுவது எவ்வாறு தவக்குல் ஆகும்? ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்விடம் பொறுப்புச் சாட்டுமாறு நபியவர்கள் கற்பித்ததை நம்மில் அறியாதவர் இல்லை.

உமர் (ரழி) அவர்கள் ஷாம் தேசத்தை நோக்கிச் சென்றபோது, ஸர்ஃ என்னுமிடத்தில் வைத்து அங்கு கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தியை அறிந்தார்கள். தோழர்களுடன் ஆலோசித்துத் திரும்பிச் செல்ல முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டு விரண்டோடுவதா என அபூ உபைதா (ரழி) அவர்கள் வினவியபோது, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியின் பக்கமே செல்கின்றோம் என்ற கருத்தில் கலீஃபா அவர்கள் விடையளித்தார்கள். விழுவது கத்ர் என்றால், விழும்போது தலையில் கவசம் இருப்பதும் கத்ர்தான்.

தலைக்கவசத்தைப் பொறுத்தவரை நமக்கு இன்னும் நேரான முன்மாதிரி ஒன்று உண்டு. ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு உஹதுப் போரில் நபி (ஸல்) அவர்கள் ஒன்றின் மேல் ஒன்றாக இரு கவசங்களை அணிந்திருந்ததாக அபூதாவூதில் காண்கின்றோம். அன்று அவர்களுடைய தலைக்கவசம் தலையிலேயே நொறுங்கியது, முகம் காயமுற்றது, பல் உடைந்தது. அலி (ரழி) அவர்கள் கேடயத்தில் நீர் கொண்டுவர, பாத்திமா (ரழி) அவர்கள் இரத்தத்தைக் கழுவினார்கள். இரத்தம் நிற்காதபோது பாயொன்றை எரித்து அதன் சாம்பலைக் காயத்தில் வைத்தார்கள். ஸஹீஹுல் புகாரியில் இந்நிகழ்ச்சி உள்ளது.

சிந்தியுங்கள். கவசம் அணிந்தும் காயம் ஏற்பட்டதே, இனி இது எதற்கு என்று நபியவர்கள் அதனைக் கைவிட்டார்களா? இல்லை. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளின் பின்னர், ஹிஜ்ரி 8இல் மக்கா வெற்றியின்போது அந்நகரினுள் நுழைந்த நபியவர்களின் தலையில் இரும்புத் தலைக்கவசம் இருந்ததை அனஸ் (ரழி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். மனிதர்களிலேயே தவக்குல் மிகுந்த தலையில் அது இருந்தது. கவசம் முழுமையான பாதுகாப்புத் தராது என்பது அதனை விடுவதற்கு ஆதாரமாகாது என்பதை இதிலிருந்து நாம் விளங்கிக்கொள்ளலாம்.

அடுத்து, தலைக்கவசத்தால் உண்மையில் பயன் உண்டா என்பதையும் நேர்மையாக ஆராய்வோம். ஒன்றரை மீற்றர் உயரத்திலிருந்து விழும் ஒரு தலை, தரையைத் தொடும் வேளையில் மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீற்றர் வேகத்தை அடைகிறது. சைக்கிள் ஓடாமல் நின்ற நிலையில் சரிந்தாலும் இதுவே நிலை. மண்டையோடு கொங்கிறீற்றில் பட்டு உடனே நிற்கிறது. உள்ளிருக்கும் மூளையோ நிற்காமல் அசைந்து மண்டையோட்டில் மோதுகிறது. தலைக்கவசத்தின் உள்ளே இருக்கும் தடித்த நுரைப்படை நசுங்கி, அந்த அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொள்கிறது.

2016ஆம் ஆண்டு அவுஸ்திரேலிய ஆய்வாளர் இருவர், 40 ஆய்வுகளிலிருந்து காயமடைந்த 64,000க்கும் அதிகமான சைக்கிளோட்டிகளின் விபரங்களைத் தொகுத்து ஆராய்ந்தனர். தலைக்கவசம் அணிந்தவர்களுக்குத் தலையில் காயம் ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ பாதியாகவும், பாரதூரமான தலைக்காயம் ஏற்படும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கு அளவாகவும் குறைந்திருந்ததை அவர்கள் கண்டனர்.

மறுதரப்பையும் மறைக்கலாகாது. நெதர்லாந்து மக்களில் மிகப் பெரும்பாலானோர் தலைக்கவசமின்றியே சைக்கிளோட்டுகின்றனர். ஆனால் அங்கு வாகனங்களிலிருந்து பிரிக்கப்பட்ட சைக்கிள் பாதைகள் நாடெங்கும் உள்ளன. நமது காத்தான்குடியையும் கல்முனையையும் அக்கரைப்பற்றையும் ஊடறுத்துச் செல்லும் பிரதான வீதியில் பஸ்ஸும் லொறியும் முச்சக்கர வண்டியும் பாடசாலைப் பிள்ளையின் சைக்கிளும் ஒன்றாகவே செல்கின்றன. வேகமாக வரும் லொறி மோதினால் சைக்கிள் தலைக்கவசம் அதனைத் தாங்கும் எனக் கூறவும் முடியாது. அது விழுகைக்காகச் செய்யப்பட்டதாகும். ஆகவே தலையில் கவசம் இருக்கின்றதென்று வேகமாக ஓடுவதும், இருவர் மூவராகச் சமாந்தரமாகச் செல்வதும், இரவில் விளக்கின்றிச் செல்வதும் பெரும் தவறாகும். நல்ல பிரேக், முன்விளக்கு, பின்னால் ஒளிதெறிக்கும் சிவப்புக் கண்ணாடி, நிதானம் ஆகியவற்றோடு சேர்ந்ததே பாதுகாப்பு.

சட்டத்தையும் ஒரு வார்த்தை கூறவேண்டும். அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1990ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் திகதி முதல், உலகிலேயே முதன்முறையாகச் சைக்கிளோட்டிகளுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. நமது நாட்டில் மோட்டார் சைக்கிளுக்கு அச்சட்டம் உண்டு, சைக்கிளுக்கு இல்லை. மோட்டார் சைக்கிளில் ஏறினால் பொலிஸாருக்கு அஞ்சிக் கவசம் அணிகின்றோம். சைக்கிளில் நமது தலையைப் பற்றி நம்மிடம் கேட்கும் பொலிஸார் எவரும் இல்லை. ஆனால் உடலை எதிலே கழித்தாய் என மறுமையில் கேட்கப்படும் என நாம் நம்புகின்றோம் அல்லவா? தடுப்பில்லாத மொட்டைமாடியில் உறங்குபவரைப் பற்றி நபியவர்கள் எச்சரித்திருப்பதும் இதற்கு ஒப்பானதே. இதனைக் கொண்டு, அணியாதவர் பாவி என்று நான் தீர்ப்புக் கூறவில்லை. அது எனது வேலையும் அன்று. அமானிதத்தைப் பேணும் வழி எதுவென்றே கூறுகின்றேன்.

பெற்றோர்களே! 2022ஆம் ஆண்டு எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில், நம்மில் எத்தனையோ பேர் சைக்கிளுக்குத் திரும்பினோம். அதனால் உடலுக்கு நலமும் கைக்குச் சேமிப்பும் கிடைத்தன. பிள்ளைகள் சைக்கிளோட்டுவதை அச்சத்தால் தடுத்துவிடாதீர்கள். அது நல்லதொரு பழக்கம். ஆனால் சிறு பிள்ளையைப் பாரில் இருத்தி, மனைவியைப் பின்னால் ஏற்றி, எவர் தலையிலும் ஒன்றுமின்றிப் பிரதான வீதியில் செல்வதை விட்டுவிடுங்கள். பெருநாள் உடுப்புக்குச் செலவிடுகின்றோம். கைத்தொலைபேசிக்கு அதைவிடப் பன்மடங்கு செலவிடுகின்றோம். அதில் ஒரு சிறு பங்கைப் பிள்ளையின் தலைக்குச் செலவிடலாகாதா? வசதியற்ற பிள்ளைக்கு ஒன்றை வாங்கிக் கொடுப்பதும் ஸதகாவே.

வாங்கும்போது தலையின் அளவுக்குப் பொருந்துகிறதா எனப் பாருங்கள். புருவத்திற்கு மேல் இரு விரல் இடைவெளியில் நெற்றியை மூடி நிற்க வேண்டும், பின்னே சாயக்கூடாது. நாடாவை நாடிக்குக் கீழ் ஒரு விரல் நுழையுமளவு இறுக்கிப் பூட்ட வேண்டும். பூட்டாத கவசம் விழும்போது தலைக்கு முன்னரே கழன்றுவிடும். ஒருமுறை பலமாக அடிபட்டதை மீண்டும் பாவிக்கலாகாது. வெளியே வெடிப்புத் தெரியாவிடினும் உள்ளே நுரை நசுங்கியிருக்கும். தடித்த தொப்பியின் மேல் கவசம் சரியாக அமையாது. தொப்பியைப் பைக்குள் வைத்துக்கொண்டு பள்ளிவாசலில் அணிந்துகொள்ளுங்கள். சகோதரிகள் மெல்லிய ஸ்கார்ஃபை மடிப்பின்றிக் கட்டி, கவசம் படும் இடத்தில் ஊசிகளைத் தவிர்த்துக்கொள்ளலாம்.

இளைஞர்களே! நண்பர்கள் சிரிப்பார்கள் என்பதுதான் உங்கள் தயக்கம் என்பதை அறிவேன். எனது தயக்கமும் அதுவாகவே இருந்தது. இதனை ஒப்புக்கொள்ளாமல் இவ்வுரையை நிறைவு செய்வது நேர்மையாகாது. அந்த மாணவர் நாள்தோறும் எனது சைக்கிளின் பின்னால்தான் மத்ரஸாவுக்கு வருவார். எனது தலையில் அவர் ஒருநாளும் கவசத்தைக் கண்டதில்லை. ஆகவே அவருடைய வாப்பா கேட்ட கேள்வியில் எனக்கும் பங்குண்டு.

அடுத்த வாரமே ஒன்றை வாங்கி அணிந்தேன். முதல் நாள் சந்தியில் நின்றவர்கள், “ஹஸ்ரத், கிரிக்கெட் விளையாடவா போறீங்க?” என்று சிரித்தார்கள். ஸலாம் கூறிவிட்டுச் சென்றேன். ஒரு மாதத்தில் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. இப்போது எமது வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் ஆறு பேரின் கவசங்கள் வாசலில் சைக்கிள் ஹாண்டிலில் தொங்குகின்றன. அவற்றுள் ஒன்று அந்த மாணவருடையது.

எனவே, இன்றிரவு உணவுக்கு அமரும்போது வாப்பாவும் உம்மாவும் பிள்ளைகளும் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள். பக்கத்துக் கடைக்குத்தானே என்ற விதிவிலக்கை வைத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பிள்ளை விழுந்தது வீட்டருகில்தான். முதலில் பெரியவர் அணியட்டும். பிறகு பிள்ளைக்குச் சொல்லட்டும். பிஸ்மி கூறி, பிரயாண துஆவை ஓதி, கவசத்தின் நாடாவைப் பூட்டிக்கொண்டு புறப்படுங்கள்.

யா அல்லாஹ்! எமது பிள்ளைகளின் உயிரையும் உடலையும் அறிவையும் பாதுகாப்பாயாக. நீ தந்த அமானிதங்களைப் பேணும் நற்பாக்கியத்தை எமக்கு அருள்வாயாக. வீதிகளில் செல்வோர் அனைவரையும் தத்தம் வீடுகளுக்கு நலமே கொண்டு சேர்ப்பாயாக. ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.