தொட்டியின் அடியில் ஒரு யந்திரம்

தில்லியிலும் மும்பையிலும் புதிதாக எழும் அடுக்கு வீடுகள் சிலவற்றில், பாத்திரம் துலக்கும் தொட்டியின் அடியில் சிறு குடம் போன்ற ஒரு யந்திரம் தொங்குவதை நேயர்களில் சிலர் கண்டிருக்கலாம். ஆங்கிலத்தில் அதனைக் 'கார்பேஜ் டிஸ்போஸர்' என்பர். குப்பையை ஒழிப்பது என்பது அப்பெயரின் பொருள். அந்த யந்திரத்தைப் பற்றி வழங்கும் தவறான எண்ணங்களில் பாதிக்கு இந்தப் பெயரே காரணம் என்று கருதுகிறோம். அது எதனையும் ஒழிப்பதில்லை, அரைக்கிறது, அவ்வளவே. தமிழில் 'கழிவரைப்பான்' என்று சொல்லிவிட்டால் மயக்கம் தீரும்.

அமெரிக்காவில், விஸ்கான்ஸின் மாநிலத்து ரஸீன் நகரில், ஜான் ஹாம்ஸ் என்ற கட்டடக் கலைஞர் 1927-இல் இதன் முதல் வடிவத்தை அமைத்தார். 1935-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. நம் வாழைத்தண்டும் முருங்கைக்காயும் அவர் கணக்கில் இருந்திருக்க மாட்டா என்பதை மட்டும் இங்கே நினைவில் வைத்துக்கொள்வோம்.

மிக்ஸியைப் பார்த்துப் பழகிய நமக்கு, இதன் வயிற்றிலும் கத்திகள் சுழல்கின்றன என்றே தோன்றும். அங்கே கத்தி இல்லை. சுழலும் தட்டு ஒன்றும், அதன்மேல் அசையும் இரண்டு உலோகக் கட்டைகளும் உள்ளன. தட்டு சுழலும் வேகத்தில் எச்சில் வெளிப்புறமாக வீசப்பட்டு, சுற்றிலும் அசையாது நிற்கும் பல் வளையத்தில் மோதி உராய்ந்து பொடியாகிறது. துருவியில் இஞ்சியைத் தேய்ப்பது போன்ற வேலை. ஆகவே, பனிக்கட்டியைப் போட்டால் கத்தி கூர்மையாகும் என்ற பேச்சுக்கு அடிப்படையே இல்லை. பனிக்கட்டி உள்ளே ஒட்டிய அழுக்கைச் சிறிது உதிர்க்கும், அதற்குமேல் பயனில்லை. கத்தி இல்லை என்பதற்காக உள்ளே கைவிடுவதும் கூடாது. மின்தொடர்பை அறவே துண்டித்துவிட்டு, இடுக்கியால்தான் எடுக்க வேண்டும்.

எதையும் போடலாம் என்ற எண்ணமோ இன்னும் பெரிய தொல்லை தரும். நாம் அறிந்த தமிழ்க் குடும்பம் ஒன்றில், விருந்து நாளன்று வாழைத்தண்டின் நாரையும், பிழிந்த புளிச் சக்கையையும், மிஞ்சிய சோற்றையும் ஒருங்கே உள்ளே தள்ளினர். நார் அறுபடாமல் திரிபோல் முறுக்கிக்கொண்டது. அரைபட்ட சோறு பசைபோல் அதன்மேல் படிந்தது. அடைப்பு ஏற்பட்டது பொதுக்குழாயில். அழுக்கு நீர் அவர்கள் தொட்டியில் பொங்கியிருந்தால் உடனே தெரிந்திருக்கும். அது பொங்கியதோ கீழ்வீட்டுத் தொட்டியில்! அங்கே குடியிருந்த பஞ்சாபி அம்மையார் மேலே வந்து கேட்ட கேள்விகளுக்கு நம்மவரிடம் மறுமொழி இல்லை.

எண்ணெய்ப் பிசுக்கை வெந்நீர் கரைத்துவிடும் என்பது வேறொரு நம்பிக்கை. கரைக்கும், உண்மைதான், ஆனால் எங்கே போய் உறையும்? தில்லியில் தை மாதக் காலையில் தேங்காயெண்ணெய் புட்டிக்குள் கல்லாய்க் கிடப்பதைப் பார்க்கிறோமே, அதேபோலத் தொலைவிலுள்ள குழாயின் வளைவில் அது உறைந்து நிற்கும். அரைக்கும்போது குளிர்ந்த நீரே ஓட வேண்டும். அரைத்து முடித்தபின்னும் சிறிது நேரம் ஓட வேண்டும். எண்ணெயையும் நெய்யையும் தாளால் துடைத்துக் குப்பையில் சேர்ப்பதே முறை.

இனி, தொட்டியை விட்டுப் போனது உலகை விட்டே போயிற்று என்ற எண்ணம். நியூயார்க் நகரின் பெரும்பகுதியில், மழைநீரும் கழிவுநீரும் ஒரே சாக்கடையில் கலந்து ஓடியதால், இந்த யந்திரம் நெடுங்காலம் தடைசெய்யப்பட்டிருந்தது. சோதனை நடத்திப் பார்த்த பிறகே, 1997-இல் தடை நீங்கிற்று. எனவே, யந்திரம் நல்லதா கெட்டதா என்ற வினாவுக்கு விடை நம் அடுக்களையில் இல்லை. சாக்கடை சென்று சேரும் இடத்தில் இருக்கிறது. அங்கே கசடிலிருந்து எரிவாயு எடுக்கும் நிலையம் இருந்தால், அரைத்த எச்சிலும் பயன் தரும். யமுனையில் கலப்பதுபோல், சுத்திகரிக்கப்படாமல் ஆற்றில் கலக்குமாயின், அது அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு குறையும். மீன்கள் மூச்சுக்குத் தவிக்கும். குடியிருப்பிலேயே சுத்திகரிப்பு நிலையம் இருந்தால், அதை நடத்துபவரைக் கேட்டறிந்த பின்னரே யந்திரத்தை வாங்குவது நலம். கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் குடியிருப்புகளுக்கு இது ஏற்றதன்று என்பது நம் கருத்து. அரைக்கும் நேரமெல்லாம் குழாய் திறந்திருக்க வேண்டுமே!

2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் மக்கும் குப்பையை வீட்டிலேயே தனியே பிரிக்கச் சொல்லின. மேலே சொன்ன குடும்பத்தார் இப்போது நாரையும் தோலையும் சக்கையையும் துளையிட்ட மண்பானையில், காய்ந்த இலைகளோடு மாற்றி மாற்றி அடுக்கி மக்கவைக்கின்றனர். யந்திரத்தை அவர்கள் கழற்றிவிடவில்லை. தட்டில் ஒட்டிய துணுக்குகளுக்கு மட்டும் அது ஓடுகிறது. மாடத்தில் அவர்கள் வளர்க்கும் கறிவேப்பிலைச் செடியிலிருந்து கீழ்வீட்டு அம்மையாருக்கும் வாரம் ஒரு கொத்து போகிறது.