மளிகைச் சீட்டில் தொடங்கும் பொருளாதாரம்

பி.ஏ. பொருளாதாரத்தில் சேரும் பிள்ளைகளில் பலர் பிளஸ் டூவில் கணிதம் எடுக்காதவர்கள். கோட்பாடுகளை உருப்போட்டுச் சமாளித்துவிடுவார்கள். புள்ளியியல் தாள் வரும்போதுதான் வயிற்றைக் கலக்கும். நான் அவர்களிடம் சொல்வது இதுதான்: சூத்திரம் இருக்கட்டும், முதலில் வீட்டு மளிகைச் சீட்டை எடுங்கள்.

தக்காளி கிலோ 30 ரூபாயிலிருந்து 60 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வீடே புலம்பும். ஆனால் செய்தியில் சொல்லும் பணவீக்கம் அவ்வளவாக அசைந்திருக்காது. ஏன்? 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணில், மொத்த எடை 100 என்றால் தக்காளிக்கு இருந்தது 0.57தான். உணவு, பானங்கள் எல்லாம் சேர்த்து 45.86. அடிப்படை ஆண்டு விலையிலிருந்து தக்காளி மட்டும் இரட்டிப்பாகி, மற்றவை அப்படியே இருந்தால், குறியீட்டெண் 100-லிருந்து 100.57 ஆகும். அவ்வளவுதான்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வாருங்கள். மாதச் செலவு 12,000 ரூபாய், தக்காளி ஆறு கிலோ. பழைய விலையில் 180 ரூபாய், அதாவது 1.5 சதவீதம். விலை இரட்டித்தால் உங்கள் வீட்டுக் குறியீட்டெண் 101.5. அம்மாவின் புலம்பலும் சரி, அரசின் கணக்கும் சரி. எடைதான் வேறு. இதைப் பென்சிலால் போட்டுப் பார்த்தவனுக்கு, எடையிட்ட சராசரி என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அரிசி, கேஸ், பஸ் கட்டணம் என்று மாதாமாதம் சேர்த்துக்கொண்டே போகலாம். கால்குலேட்டரைத் தொடுமுன் விடை சுமாராக எவ்வளவு வரும் என்று ஊகித்து ஓரத்தில் எழுதுங்கள். தசமப் புள்ளி இடம் மாறினால் அந்த ஊகம் காட்டிக்கொடுத்துவிடும்.

நாளிதழும் நல்ல பயிற்சிப் புத்தகம்தான். 2025 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 6.5-லிருந்து 6.25 ஆக்கியது. குறைந்தது கால் சதவீதப் புள்ளி. பழைய விகிதத்தோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 3.85 சதவீதக் குறைவு. முதுகலை மாணவர்களே இங்கே தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக எனக்குப் பிடித்த ஒரு மனக்கணக்கு. 70-ஐ ஆண்டு வளர்ச்சி விகிதத்தால் வகுத்தால், ஒரு தொகை இரட்டிப்பாக எத்தனை ஆண்டு ஆகும் என்பது சுமாராகக் கிடைக்கும். சுதந்திரத்துக்குப் பிந்தைய முதல் முப்பது ஆண்டுகளில் நம் வளர்ச்சி 3.5 சதவீதத்தை ஒட்டியே நின்றது. பொருளாதார அறிஞர் ராஜ் கிருஷ்ணா அதை 'இந்து வளர்ச்சி விகிதம்' என்று கிண்டலாகச் சொன்னார். 70-ஐ 3.5-ஆல் வகுத்தால் 20 ஆண்டு. பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் அப்போது மக்கள்தொகையும் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் பெருகியது. அதை 2.2 என்று கொண்டு கழித்தால், தலைக்கு மிஞ்சுவது 1.3. இனி 70-ஐ 1.3-ஆல் வகுத்துப் பாருங்கள்: ஒருவரின் வருமானம் இரட்டிப்பாக ஏறத்தாழ 54 ஆண்டு!