வீட்டிலே ஒரு ஹாம் றேடியோ



2004 டிசம்பர் 26 சுனாமியிலே அம்பாந்தோட்டையில் டெலிபோன் செத்துப் போச்சு. அங்கிருந்து கொழும்போடு பேச வழி செய்தவர்கள் விக்டர் குணதிலகவும் அவருடைய ஹாம் நண்பர்களும். வியாபாரத்துக்கில்லாமல், ஆசைக்காகச் சொந்த செட்டில் பேசுகிறவர்களைத்தான் ஹாம் என்கிறோம்.

நமக்கும் இது தேவை. 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தையை யார் மறப்போம்? மண் சரிகிற நாளில் கரண்ட் போகும், போனும் போகலாம். கார் பற்றரியில் ஓடுகிற செட் பேசும்.

கையில் பிடிக்கிற சின்ன செட்டின் அலை மலையில் முட்டி நின்றுவிடும். 7 மெகாஹேர்ட்ஸ் சிற்றலை அப்படியில்லை. கம்பியைத் தாழக் கட்டினால் அலை நேரே மேலே போய், வானத்தில் பட்டுத் திரும்பி, பகலில் அடுத்த பள்ளத்தாக்கிலேயே இறங்கும். உயரக் கட்டு என்பார்கள். அது வெளிநாட்டோடு பேச. நமக்குப் பதினைந்து அடி போதும்.

செம்புக் கம்பி பக்கத்துக்கு 33 அடி. நடுவிலிருந்து டீவி அன்டெனா வயர் மாதிரியான கேபிளைச் செட்டுக்கு இறக்க வேண்டும். லயத்துத் தகரத்தில் படாமல், கரண்ட் கம்பிக்குக் கிட்டவே போகாமல், இரண்டு சவுக்கு மரத்துக்கு நடுவே கட்டுங்கள். ஏப்ரல், ஒக்டோபர் மாதங்களில் பின்னேரம் இடி வருமே, அதற்கு முன்னாலேயே கேபிளைக் கழற்றி வெளியே போட்டுவிட வேண்டும். இதிலே சோம்பல் கூடாது.

பேசுவதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் லைசன்ஸ் வேண்டும். பரீட்சை உண்டு. பாஸானால் 4எஸ் என்று தொடங்கும் அழைப்புக்குறி கிடைக்கும். விஞ்ஞானம் படிக்கிற நம்ம பிள்ளைகள் எழுதலாம். அதுவரை கேட்பது மட்டும்தான், மைக்கைத் தொடக்கூடாது.